மொய் தவிர்க்கவும்

என் மனைவி சரஸ்வதிக்கு நோய் வந்திருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சேலைக் கொசுவம். செருகச் செருக நழுவியது. ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆகிக்கொண்டிருந்தபோது, பாவாடை நாடா மட்டும் முடிச்சுப் போட எட்டவில்லை. கை கால் மெலிந்து வயிறு பெருத்தது. ராத்திரிச் சோற்றை நிறுத்திப் பார்த்தாள். நான் அதற்கும் கிண்டல் செய்தேன். "கண்ட பலகாரத்தத் தின்னா அப்படித்தான் ஆகும்" என்றேன். அவள் பலகாரம் தின்று மாதக்கணக்கில் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, சினைப்பையில் (கருமுட்டை உருவாகும் உறுப்பில்) கட்டி இருக்கிறது என்றார். அதன் பிறகு வழக்கமான கேள்விகள்.

"எத்தனை கொழந்தைங்கம்மா?"

"இல்லீங்க" என்றாள் சரசு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவள்தான் பதில் சொல்வாள். நான் அந்த நேரம் ஜன்னலைப் பார்ப்பேன். அன்றைக்கும் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

சோமனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. கூலிக்குத் துணி நெய்து கொடுக்கிறவன் நான். எட்டு விசைத்தறி இருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் செலவு குறைவு என்பதால், ஊரில் யார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சீர் என்றாலும் என் கை கொஞ்சம் தாராளமாகவே மொய் வைக்கும். அதைத் திருப்பி வைக்க எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். "அவரு வெக்கறதோட செரி, வாங்கறதே இல்லீங்க" என்று பேசிக்கொள்வார்கள். அது காதில் விழுந்தால் என் நடை மாறிவிடும். பிள்ளை இல்லாத குறையை அந்தப் பேரை வைத்துத்தான் மூடிக்கொண்டிருந்தேன்.

இதே நிலையில் இருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். அடுத்தவர்களிடம் உதவி கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாததால் என் மனைவி என்ன பட்டாள் என்பதைத்தான் சொல்ல முடியும்.

அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது). அரசாங்கக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது. போக்குவரத்து, வெளியில் வாங்கும் மருந்து, சத்துணவு என்று மிச்சச் செலவுக்குப் பாதித் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தேன். தறி ஓட்டிக்கொண்டிருந்த செல்வராஜையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். சரசுவுக்கு முடி கொட்டியது, முளைத்தது. "சுருட்டையா வருது பாருங்க, சின்ன வயசுல ஆசப்பட்டேன்" என்று கண்ணாடியில் காட்டினாள். ஒரு தீபாவளி நல்லபடியாகப் போனது.

பிறகு மறுபடியும் வயிற்றில் நீர் சேர்ந்தது. டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே நோயைத் துரத்திட்டுப் போறதுல அர்த்தம் இல்லீங்க. அவங்களுக்கு வலி இல்லாமப் பாத்துக்கணும், அதான் வைத்தியம். அன்னூர் ரோட்டுல ஒரு இல்லம் இருக்குது. எழுதித் தரட்டுங்களா?"

வலிதணிப்பு இல்லம் (குணப்படுத்த முடியாத நிலையில் இருப்பவர்களை, வலியும் அவதியும் குறையும்படி கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று அதற்குப் பெயர். அங்கே போன் செய்து விசாரித்தேன். தர்மத்துக்கு நடத்துகிற இல்லம்தான். ஆனால் இலவசப் படுக்கைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. படுக்கை காலியாவது என்றால் என்ன அர்த்தம் என்று புரிந்ததும் வரிசையில் பெயர் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. கட்டண அறை ஒன்று இருந்தது. அறைக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் வாரா வாரம் கட்ட வேண்டும். மிச்சம் இருந்த தறிகளை விற்றால் சோற்றுக்கு வழி இல்லை. வீடு அண்ணன் தம்பிக்குள் பிரிக்காமல் கிடக்கிறது.

சரசுவிடம் வந்து, "ஊட்டுலயே வெச்சுப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க, அதான் உனக்கும் நல்லதாம்" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படிங்களா" என்று சொன்னதோடு சரி. நான் பொய் சொன்னால் என் காது மடல் சிவந்துவிடும் என்று அவள் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது தப்பில்லை. ஆள் பலமும், வலிக்கு உரிய மருந்தும், வந்து பார்க்க ஒரு நர்சும் இருந்தால் வீட்டைப் போல வராது. என்னிடம் அவை எதுவும் இல்லை. நான் ஒருத்தன். தறியையும் பார்க்க வேண்டும், கஞ்சியும் காய்ச்ச வேண்டும், அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவும் வேண்டும். முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் (ஒரே பக்கம் அழுந்திக் கிடப்பதால் தோல் அழிந்து வரும் புண்) வந்ததை நான் பார்ப்பதற்குள் அது ஆழமாகிவிட்டது. கடையில் வாங்கிய மாத்திரை அவள் வலிக்குப் போதவில்லை. பெரிய மருந்து கொடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவாள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, நான் கேட்கவும் இல்லை.

வலி எழும்போது சரசு சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். அதற்கும் அடங்காவிட்டால் என்னைக் கூப்பிடுவாள்.

"ஏனுங்க, தறியப் போடுங்க. பக்கத்து ஊட்ல கேக்கும்."

நான் போய்ச் சுவிட்சைத் தட்டுவேன். நாலு தறி ஓடினாலே பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் அவள் கத்துவாள். வெளியே யாருக்கும் தெரியாது. அவள் மானம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். என் மானத்தையும் சேர்த்துத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் மின்வாரியத்தின் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஊரே நின்றது. எங்கள் வீதியில் தறிச் சத்தம் இல்லாவிட்டால் காக்கை கரைவதுகூடப் பெரிதாகக் கேட்கும். பதினொரு மணி வாக்கில் சரசுவுக்கு வலி எழுந்தது. வழக்கம்போல "தறியப் போடுங்க" என்றாள். "கரண்ட் இல்லை சரசு" என்றேன். அவள் முந்தானையைக் கடித்தாள். முடியவில்லை. அவள் போட்ட சத்தத்தில் வீதியில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

முதலில் உள்ளே வந்தது பக்கத்து வீட்டுத் தங்கமணி. கையில் மாவு அப்படியே இருந்தது. சரசுவைப் பார்த்தாள், புண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, இத்தன நாளா இதையத்தான் மூடி மூடி வெச்சிருந்தீங்களா? நாங்கெல்லாம் இந்த வீதியில எதுக்குங்க இருக்கறோம்?"

டாக்டர் அம்மா சொன்ன அன்னூர் ரோட்டு இல்லத்தைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்து சொன்னேன். அவள் புருஷன் நூல் மூட்டை ஏற்றும் வேனைக் கொண்டுவந்தார். அதில் மெத்தையைப் போட்டு நாலு பேர் சரசுவைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். வழியெல்லாம் நான் அவள் காலைப் பிடித்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தேன். வீதியில் நின்றவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அன்னூர் ரோட்டு இல்லத்தில் முன்பணம் எதுவும் கேட்காமல் முதலில் மருந்தைக் கொடுத்தார்கள். மார்ஃபின் (கடும் வலியைத் தணிக்கும் மருந்து). அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஸ்டெல்லா சிஸ்டர். அடிமையாகிவிடுவாளா என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"வலிக்குன்னு அளவாக் குடுக்கறப்ப அந்தப் பயம் வேண்டாங்கய்யா. மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும், அதுக்கு நாங்க பாத்துக்குவோம். வலி வந்தப்பறம் குடுக்கறதில்ல. வர்றதுக்கு முன்னாடியே நேரம் பாத்துக் குடுத்துருவோம்."

அன்று சாயங்காலம் சரசு வாயில் முந்தானை இல்லாமல் தூங்கினாள். அவள் நெற்றியில் இருந்த சுருக்கம் போயிருந்தது. அது வயதின் சுருக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலவசப் படுக்கை அப்போதும் காலி இல்லை; கட்டண அறைக்கு ஒரு வாரம் கட்ட என் கையில் இருந்தது. அதற்கு மேல் இல்லை. வராந்தாவில் தங்கமணி என்னிடம் வந்தாள்.

"பணத்துக்கு யோசிக்காதீங்ண்ணா. ஊருல எல்லாரும் உங்களுக்கு மொய் பாக்கி. அதைய வெச்சுப்போட்டாப் போவுது."

"மொய்யா? எதுக்கு மொய்? இங்க என்ன கல்யாணமா நடக்குது?" என்று சீறினேன். "அவ சாகறதுக்கு முன்னாடியே எழவு மொய் வெக்கறீங்களா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்படி நெனச்சுச் சொல்லலீங்ண்ணா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். என் மனைவியைத் தூக்கி வந்தவளைத்தான் அப்படிப் பேசினேன். ஆனாலும் கை நீட்டாமல் தப்பித்தோம் என்றுதான் அந்த நேரம் இருந்தது.

அறை ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை சரசு தெளிவாக இருந்தாள். இட்லியில் பாதி சாப்பிட்டாள்.

"ஏனுங்க, நம்மளும் ஒரு விசேசம் வெச்சா என்னங்க?"

"நம்ம ஊட்ல என்ன விசேசம் இருக்குது?"

"அறுபதாங் கல்யாணம்."

"எனக்கு அம்பத்தெட்டுத்தான் ஆவுது."

"எனக்கு நேரமில்லீங்களே" என்றாள்.

நான் எழுந்து தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போனேன். திரும்பி வந்து சரி என்றேன். தங்கமணிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதிலேயே வாங்காமல், எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்டாள். ஸ்டெல்லா சிஸ்டர், கூட்டம் போடாமல் காலையில் சுருக்கமாக வராந்தாவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோருக்கும் தெரியும், எனக்கு அறுபது ஆகவில்லை என்று. எதற்காக இந்த விசேஷம் என்பதும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

பத்திரிகை அடிக்க சோமனூர் கடைவீதிக்குப் போனேன். கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மஞ்சள் கரை போட்டு, எங்கள் இருவர் பெயரையும் பெரிதாக அடித்துக் காட்டினாள். "கடைசியில வேற ஏதாவது போடணுங்களா?" என்று கேட்டாள். அதுவரைக்கும் நான் எதுவும் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் அவள் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது.

"மொய் தவிர்க்கவும்னு போடும்மா."

பணக்கார வீட்டுப் பத்திரிகைகளில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பிரமிப்பு. எதற்காக அந்த விசேஷமோ, அதையே வேண்டாம் என்று அச்சடித்துக்கொண்டு, நல்ல காரியம் செய்தவன் போல பஸ் ஏறினேன். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து வீடு வீடாகக் கொடுத்தேன். நிமிர்ந்து நடந்து கொடுத்தேன்.

சரசுவுக்கு ஒரு பத்திரிகை கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அவள் பெயர் அச்சில் வந்தது அதற்கு முன்னால் எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இந்தக் கடைசி வரி யாருங்க போடச் சொன்னது?"

"பிரஸ்லயே போட்டுட்டாங்க. இப்பெல்லாம் எல்லாத்துக்கும் போடறாங்களாம்."

அவள் என் காதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கு வலிச்சா நீங்களா கத்தப் போறீங்க?"

பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அடுத்த வாரம் இந்த ரூமைக் காலி பண்ணச் சொன்னா எங்கீங்க போவேன்? மறுக்கா ஊட்டுக்கா? மறுக்கா அந்த முந்தானையா? உங்க வீராப்புக்கு நான் எத்தன நாளைக்கு வலி பொறுக்கறது?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதும் உயரவில்லை. உயர்த்த அவளிடம் தெம்பு இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் மொய் வெச்சது உங்களுக்குப் பெருமை. எனக்குப் பெருமை இல்லீங்க. அவங்கவங்க ஊட்டுப் பொம்பளைங்க வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு சந்தனம் குடுப்பாங்க. நான் போயி மொய்ய வெச்சுப்போட்டு, உண்டுட்டு, பையத் தூக்கிட்டு வருவேன். ஒரு நாளாவது நானும் வாங்க வாங்கன்னு சொல்லணும்னு இருக்காதுங்களா? நம்ம ஊட்டுக்கும் நாலு ஒறம்பரை, சொந்தபந்தம் வந்து மொய் வெச்சாங்க, நம்மளும் ஊரோட சேந்தவங்கதான்னு நெனைக்க மாட்டனா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருடம் நான் மூடிவைத்த குறையை அவள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போன்ல மெசேஜ் போட்டர்றேன், அச்சுல தப்பா வந்திருச்சுன்னு" என்றேன். அதிலும் எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது.

"வேண்டாங்க. பத்திரிகைய நேர்ல வெச்சீங்கல்ல? நேர்லயே போயிச் சொல்லுங்க."

சட்டைப் பையில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு போனேன். முதலில் தங்கமணி வீடு. பத்திரிகையைக் கொண்டுவரச் சொன்னேன். சாமி படத்துக்குக் கீழே இருந்து எடுத்து வந்தாள். கடைசி வரியைப் பேனாவால் கோடு போட்டு அடித்தேன். அதை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இப்பத்தானுங்ணா இது பத்திரிகையாட்ட இருக்குது" என்று சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

செல்வராஜ் வீடு ஊரின் கடைசியில். நான் கூலி கொடுத்து வைத்திருந்தவர். அந்தக் கூலியையும் நிறுத்தியவன் நான். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கால் கூசியது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பூங்கொடி நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் வரியை அடித்ததைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"நாங்க வரக்கூடாதுன்னே இருந்தோமுங்க. மொய் வேண்டாமுன்னா, உங்க சங்காத்தமே வேண்டாமுன்னு சொல்ற மாதிரித்தானுங்களே. பெரிய எடம், நம்ம காசு அவங்களுக்கு என்னத்துக்குன்னு இவரு ராத்திரி சோறு திங்காமப் படுத்துட்டாருங்க."

நான் எதை மரியாதை என்று நினைத்து அச்சடித்தேனோ, அதை அவர்கள் செருப்படியாக வாங்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அல்ல. போன வீடுகளில் பாதிக்கு மேல் அதே பேச்சு. ஒருவர் வாய் விட்டே சொன்னார். மற்றவர்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொன்ன விதத்தில் தெரிந்தது.

காது மந்தமான பெரியவர் ஒருவர் வீட்டில், நான் எதற்காகப் பத்திரிகையில் கிறுக்குகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. "என்னங்க? நாள் மாத்தியாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காதருகே போய், "மொய் வெக்கச் சொல்லிக் கேக்க வந்திருக்கேனுங்க" என்று கத்தினேன். எதிர்வீட்டுக் குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர், "அதைய இவ்வளவு தூரம் வந்து சொல்லணுமாக்கும்?" என்றார். அந்தப் பெண்களைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

விசேஷத்தன்று காலை ஸ்டெல்லா சிஸ்டர் மருந்தை நேரத்தோடு கொடுத்து, சரசுவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். தங்கமணி அவளுக்குப் பட்டுச் சேலையை மடிமேல் போர்த்தி, ஊசி குத்தி நிறுத்தினாள். மஞ்சள் கயிற்றை மறுபடி கட்டினேன். கழுத்து எலும்பு கையில் இடித்தது. மாலை அவளுக்குக் கனமாக இருந்ததால் அவளுடையதை மட்டும் உடனே கழற்றிவிட்டோம். "ரெண்டு வருசம் அட்வான்ஸா அறுபது ஆன ஆளு இவரு ஒருத்தருதான்" என்று தங்கமணி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஊரார் அவரவர் வீட்டில் சமைத்ததைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார்கள். வராந்தா ஓரத்தில் ஒரு மேசை. வரிசையாக வந்து வைத்தார்கள். பனியன் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு செல்வராஜும் வந்து வைத்தார். நான் தலையைத் தூக்கவில்லை. மாலையும் கழுத்துமாக நின்று பிச்சை எடுப்பவன் மாதிரிதான் இருந்தது எனக்கு. அதை மாற்றிச் சொன்னால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். பக்கத்து அறையில் தாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கதவோரம் நின்று எங்களையே பார்த்தார். அவருக்கு ஊர் கூடி வர ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை. அவரைப் பார்க்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

சரசுவுக்கு அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. வருகிற ஒவ்வொருவரையும், "வாங்க, வாங்க. சாப்புட்டுட்டுத்தான் போவோணும்" என்றாள். குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்டது. சந்தனக் கிண்ணம் மடியில் இருந்தது. பாதிச் சந்தனம் பட்டுச் சேலையில் விழுந்தது. "நிமிந்து நில்லுங்க, போட்டோ எடுக்கறாங்க" என்று என்னை அதட்டினாள்.

அந்த அறை கடைசி வரை அவளுக்கு இருந்தது. பெரும்பாலும் தூங்கினாள். விழித்தால் யார் யார் வந்தார்கள் என்று பேசினாள். கடைசி நாட்களில் மூச்சு விட்டு விட்டு வந்தது. அது வலியால் இல்லை, உடல் அடங்குவதன் அடையாளம் என்று ஸ்டெல்லா சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. ஒரு மத்தியானம், நான் அவள் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். முகம் சுளிக்கவில்லை. அவள் கேட்டது அது ஒன்றுதான். அது கிடைத்தது. நான் அந்தக் கடைசி வரியைக் கோடு போட்டு அடிக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது என்று பலர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். இருக்கிறது, போகவில்லை. அதோடு இருக்கப் பழகிக்கொண்டேன். மொய் வைத்தவர்களுக்கெல்லாம் திருப்பி வைக்க வேண்டும். அதனால் என் நாட்கள் இப்போது மற்றவர்கள் வீட்டு விசேஷங்களால் நகர்கின்றன. பூங்கொடியின் மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியவில்லை. அவள் கல்யாணம் வரை நான் இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் காய்ச்சலுக்கு மாத்திரை போடாதவன், சர்க்கரை பார்க்கிறேன், ரத்த அழுத்தம் பார்க்கிறேன். இந்த உடம்பு எனக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் போய்விட்டது.

ஊரைப் பொறுத்தவரை எனக்கு அறுபது எப்போதோ முடிந்துவிட்டது. நிஜமான அறுபது போன மாதம்தான் வந்தது. யாருக்கும் ஞாபகம் இல்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் ஒரு காலை, கட்டிலில் இருந்து எழப் போனவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அசைய முடியவில்லை. வலி காலுக்கு இறங்கியது. போன் சமையலறையில் இருந்தது. வேட்டி விலகிக் கிடந்தது, இழுத்துப் போர்த்தக் கை எட்டவில்லை. இந்தக் கோலத்தில் யாராவது வந்து பார்ப்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரம்தான்.

"தங்கமணி" என்று கூப்பிட்டேன். வெட்கத்தில் குரல் எழும்பவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, வீதி முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் கூப்பிட்டேன்.